வீடியோ கேம் பள்ளிக்குள் வரட்டும், பி.டி. பீரியடைத் தின்னாமல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கை கால் அசைத்து, குதித்து, மிதித்து ஆடும் வீடியோ கேம்களைப் பள்ளியில் வைக்கலாமா என்ற பேச்சு பெற்றோர் கூட்டங்களிலும் தலைமையாசிரியர் அறைகளிலும் அடிபடுகிறது. "ஏற்கெனவே செல்போனும் கையுமா இருக்கிற பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்திலயும் கேமா?" என்று ஒரு சாரார் கோபப்படுகிறார்கள். பெட்டியை வாங்கி மாட்டினாலே பிள்ளைகள் அடங்கி உட்கார்ந்து படித்துவிடுவார்கள் என்று இன்னொரு சாரார் நம்புகிறார்கள். இரண்டு தரப்புமே கருவியைப் பார்க்கிறார்கள், கால அட்டவணையைப் பார்ப்பதில்லை. எப்போது, எத்தனை நிமிடம், ஒரே நேரத்தில் எத்தனை பேர் என்ற மூன்று கேள்விக்குப் பதில் இல்லாத பள்ளியில் எந்தக் கருவியும் ஒரு பருவம் தாண்டாது.

இதில் நம்பத்தக்க ஆய்வுகள் உண்டு. அமெரிக்காவின் பாஸ்டனில் ஆட்டிசம், ஏ.டி.எச்.டி. (கவனக் குறைவும் மிகைத் துடிப்பும்), பதற்றம், மனநிலைக் கோளாறு உள்ள பிள்ளைகள் படிக்கும் சிறப்புப் பள்ளி ஒன்றில் 103 மாணவர்களை வைத்து நடந்த ஆய்வு, 2017-ல் பீடியாட்ரிக்ஸ் மருத்துவ இதழில் வெளியானது. நின்ற இடத்திலேயே மிதிக்கும் சைக்கிளும், முன்னால் திரையில் ஓடும் விளையாட்டும்தான் கருவி. உடற்கல்வி வகுப்பிலேயே வாரம் இரண்டு முறை, தடவைக்கு 30 முதல் 40 நிமிடம், 7 வாரம் நடத்தினார்கள். அந்த வாரங்களில், தன்னைக் கட்டுப்படுத்த முடியாமல் போவதற்கும், ஒழுங்கு நடவடிக்கையாக வகுப்பை விட்டு வெளியே அனுப்பப்படுவதற்கும் உள்ள வாய்ப்பு 32 முதல் 51 சதவீதம் வரை குறைந்தது. சைக்கிள் மிதித்த நாட்களில் பலன் கூடுதலாக இருந்தது, மற்ற நாட்களிலும் கொஞ்சம் நீடித்தது. எப்போது பாடம் கடினமோ அந்த நாளில் ஆட்டத்தை வைக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் வேண்டாம்.

2012-ல் அதே இதழில் ஹூஸ்டன் ஆய்வு ஒன்றும் வந்தது. 9 முதல் 12 வயதுப் பிள்ளைகளின் வீட்டுக்கே ரிமோட்டைக் கையில் பிடித்து அசைத்து ஆடும் நின்டெண்டோ வீ கருவியைக் கொடுத்தார்கள். பாதிப் பேருக்கு உடல் அசைத்து ஆடும் கேம், பாதிப் பேருக்கு உட்கார்ந்து ஆடும் கேம். இடுப்பில் அசைவு மானி கட்டி அளந்து பார்த்ததில் இரு குழுவின் உடலுழைப்பிலும் வித்தியாசமே இல்லை. கருவியைக் கொடுத்துவிட்டு ஒதுங்கினால் நடப்பது அதுதான். பாஸ்டனில் வேலை செய்தது, மணி அடித்ததும் நடந்த வகுப்பு.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். 2007-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த சிறிய ஆய்வில், வீ கருவியில் டென்னிஸ் ஆடிய பிள்ளைகள் உட்கார்ந்து கேம் ஆடுவதைவிடக் கூடுதல் ஆற்றலைச் செலவழித்தார்கள், ஆனால் உண்மையான ஆட்டத்துக்கு அது ஈடாகவில்லை. ஆகவே கபடியையும் கோ-கோவையும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் திரையை வைக்கும் பள்ளி பிள்ளைகளுக்குத் துரோகம் செய்கிறது. 5 முதல் 17 வயது வரை ஒரு நாளைக்குச் சராசரியாக 60 நிமிடமாவது நல்ல உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஏற்கெனவே கணக்கு வாத்தியார் கடன் வாங்கிப் போகும் பி.டி. பீரியடை இதற்காகவும் வெட்டினால் மிச்சம் ஒன்றும் இருக்காது. உடல் அசைத்து ஆடும் இந்த ஆக்டிவ் கேமுக்கு உரிய இடம் பாட வகுப்புகளுக்கு நடுவே வரும் 15 நிமிடம். மழை நாளும், மைதானமே இல்லாத பள்ளியும், சிறப்புக் கல்வி அறையும் தனிக் கணக்கு.

பெரும்பாலான பள்ளிகளில் முதல் வாரமே எங்கே சறுக்குகிறது என்பதைக் கணக்காகவே பார்க்கலாம். பாட்டுக்கு ஏற்பக் காலால் மிதிக்கும் கேம் என்று வையுங்கள். 40 பிள்ளைகள், 45 நிமிடப் பீரியட், ஒரு நேரத்தில் ஆடுவது 2 பேர். ஆள் மாறும் நேரத்தையும் சேர்த்து ஒரு பாட்டுக்கு 3 நிமிடம் என்றால் 15 பாட்டு, 30 பேருக்கு ஆளுக்கு ஒரு முறை. 10 பேருக்கு அதுவும் கிடையாது. ஆடியவனும் 42 நிமிடம் சுவரோரம் நிற்கிறான். நிற்கிற பிள்ளை தள்ளும், கிள்ளும், சண்டை போடும். பிறகு "இந்த கேம் வந்ததிலிருந்து வகுப்பு கெட்டுப்போச்சு" என்ற புகார் வரும். புகார் உண்மைதான், காரணம் வரிசை.

இதற்கு வழி கண்டுபிடிக்கப்பட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. மேற்கு வர்ஜீனியா மாநிலம் தன் 765 அரசுப் பள்ளிகளிலும் டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன் என்ற கொனாமி நிறுவன ஆட்டத்தை வைக்கப்போவதாக 2006-ல் அறிவித்தது. திரையில் மேலேறும் அம்புக்குறிக்கு ஏற்ப முன், பின், இடம், வலம் என்று, காலடியை உணரும் பாயை மிதிக்கும் ஆட்டம் அது. இந்த வகை ஆட்டத்தில் இரண்டு பாய்தான் கணினியோடு இணைந்திருக்க வேண்டும், மற்றவர்களுக்கு இணைப்பே இல்லாத பாய் போதும். நம் ஊரில் அந்தப் பாயும் வேண்டாம், சாக்பீஸ் போதும்.

90 சென்டிமீட்டர் சதுரம் வரைந்து அதை 30 சென்டிமீட்டரில் ஒன்பது கட்டமாகப் பிரிக்க வேண்டும். நடுக் கட்டத்தில் நிற்பது, நாலு பக்கக் கட்டத்தில் அம்பு, மூலைகள் காலி. இரண்டு சதுரங்களுக்கு இடையே 60 சென்டிமீட்டர் விட வேண்டும், இல்லாவிட்டால் கை மோதும். ஆக ஒரு பிள்ளைக்கு ஒன்றரை மீட்டருக்கு ஒன்றரை மீட்டர். 20-க்கு 20 அடி வகுப்பறையில் பெஞ்சை எல்லாம் வெளியே போட்டாலும் 16 சதுரம்தான் விழும். அதனால் 40 பேருக்கு ஹால் வேண்டும், அல்லது வகுப்பை இரண்டு மூன்றாகப் பிரிக்க வேண்டும். வராந்தாவில் பகல் வெளிச்சத்தில் புரொஜெக்டர் படம் தெரியாது. அங்கே ஒரு பிள்ளை திரையைப் பார்த்து "முன்... இடம்... வலம்... பின்" என்று உரக்கச் சொல்ல, மற்றவர்கள் மிதிக்கலாம். சத்தம் போட்டுச் சொல்லும் வேலையை, எதிலும் சேராமல் ஒதுங்கும் பிள்ளைக்குக் கொடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் இருவர் இணைப்புள்ள பாய்க்கு வருவார்கள், யாரும் சும்மா நிற்க மாட்டார்கள்.

மென்பொருளுக்குக் காசு வேண்டாம். ஸ்டெப்மேனியா என்ற திறந்த மூல மென்பொருள் விண்டோஸிலும் லினக்ஸிலும் சாதாரணக் கணினியில் ஓடும். யு.எஸ்.பி. பாயை அதில் செருகலாம். தமிழ்ப் பாட்டுக்கு நாமே அம்பு அடுக்கலாம், ஆனால் பாட்டின் தாளவேகத்தையும் முதல் தட்டு விழும் நொடியையும் துல்லியமாகக் கொடுக்காவிட்டால் அம்பு ஒரு பக்கம் போகும், தாளம் ஒரு பக்கம் போகும். தொடக்கத்துக்கு நிமிடத்துக்கு 110 முதல் 130 தட்டு உள்ள, நான்கு நான்காக எண்ணும் சதுஸ்ர நடைப் பாட்டாக எடுங்கள். மூன்று மூன்றாக எண்ணும் திஸ்ர நடைக்கு அம்பு அடுக்குவது புதியவர்களுக்குச் சிரமம். அடுத்து, அந்த மென்பொருளின் அமைப்பில் தவறு கூடினால் ஆட்டம் பாதியில் நிற்கும் ஏற்பாடு இருக்கும். அதை அணைத்துவிட வேண்டும். தடுமாறுகிற பிள்ளைக்குத்தான் முழுப் பாட்டும் தேவை, அவனுக்குத்தான் முதலில் நின்றுபோகிறது.

பிள்ளைகள் "சரியாத்தான் மிதிச்சேன் சார், எடுக்கல" என்றால் நம்புங்கள். டிவியில் படத் தாமதத்தைக் குறைக்கும் கேம் மோடு அணைந்திருந்தாலோ, சத்தம் ப்ளூடூத் ஸ்பீக்கர் வழியாக வந்தாலோ படமும் ஒலியும் பிந்தும். ஒயர் ஸ்பீக்கர் போட்டாலே பாதிப் புகார் தீரும். மெல்லிய பிளாஸ்டிக் பாய் மொசைக் தரையில் நழுவும். 12 மில்லிமீட்டர் ப்ளைவுட்டில் இருபக்க டேப்பால் ஒட்டிவிட வேண்டும். எடுத்து வைக்கும்போது மடித்தால் உள்ளே இருக்கும் தொடுபடலம் மடிப்பில் முறியும், ஆகவே பலகையோடு நிமிர்த்தி வைக்கவும். ஆடுவது வெறுங்காலோடு. சாக்ஸ் போடவே கூடாது.

கருவி விற்க வருபவர்களிடம் ஒன்று கேளுங்கள்: இது இன்னும் தயாரிப்பில் இருக்கிறதா? உடல் அசைவைக் கேமராவால் உணரும் மைக்ரோசாஃப்ட்டின் கினெக்ட் தயாரிப்பு 2017-லேயே நின்றுவிட்டது, செகண்ட் ஹேண்டில் இன்னும் கைமாறுகிறது. அதே நிறுவனத்தின் எக்ஸ்பாக்ஸ் 360 கேம் கருவிக்கான கினெக்ட்டுக்கு ஒருவர் ஆட 6 அடி, இருவர் ஆட 8 அடி தள்ளி நிற்க வேண்டும். ஜன்னல் வெயில் நேராக விழுந்தால் அதன் அகச்சிவப்பு உணரி தடுமாறும். கையில் பிடிக்கும் ரிமோட் வகையென்றால் மணிக்கட்டு வார் இல்லாமல் ஆடவே விடக் கூடாது. 2006 டிசம்பரில் நின்டெண்டோவே ஏறத்தாழ 32 லட்சம் வார்களை மாற்றிக் கொடுக்க நேர்ந்தது, ரிமோட் கையிலிருந்து பறந்து போனதால். ரிங் ஃபிட் அட்வென்ச்சர் போன்ற உடற்பயிற்சி கேம்கள் ஒரு நேரத்தில் ஒருவர் ஆடுபவை. சிறப்புக் கல்வி அறைக்குச் சரி, வகுப்புக்குச் சரிப்படாது.

இப்போது 15 நிமிடத்துக்கு வருகிறோம். முதல் 3 நிமிடம் மெதுவான பாட்டு. அடுத்த 9 நிமிடம் வேகம். பேச முடியும், பாட முடியாது என்ற அளவுக்கு மூச்சு வாங்கினால் போதும். கடைசி 3 நிமிடம்தான் முக்கியம், அதைத்தான் எல்லோரும் வெட்டுகிறார்கள். வேகமான பாட்டு முடிந்த சூட்டில் "எல்லாரும் உட்காரு" என்றால் வகுப்பு இன்னும் அரை மணி நேரம் கொதிக்கும். 130 தட்டிலிருந்து 100, அதிலிருந்து 80 என்று பாட்டை இறக்கி, சுவரை இரு கையாலும் பத்து எண்ணும் வரை தள்ளச் சொல்லி, பிறகு நாலைந்து முறை நீளமாக மூச்சு விடச் சொல்ல வேண்டும். அவர்கள் திரும்பும்போது கரும்பலகையில் முதல் கணக்கு எழுதப்பட்டிருக்க வேண்டும். என்ன செய்வது என்று தேடும் அந்த ஒரு நிமிடத்தில்தான் ரகளை தொடங்கும்.

நேரம்: முதல் பீரியட் முடிந்து, கணக்கு அல்லது வாசிப்புக்கு முன்னால். காலை உணவுத் திட்டத்தில் சாப்பிட்ட கையோடு வேண்டாம், சத்துணவுக்குப் பிறகு ஒரு மணி நேரமாவது போக வேண்டும். வெயில் ஏறும் ஏப்ரலில் வேகப் பகுதியை 5 நிமிடமாகக் குறைத்து, முன்னும் பின்னும் தண்ணீர் கொடுக்கவும். ஆஸ்துமா, இதயக் கோளாறு, வலிப்பு உள்ள பிள்ளைகளின் பெற்றோரிடம் முதலிலேயே கேட்டுவிட வேண்டும். வலிப்பு உள்ளவர்களில் சிலருக்குப் பளிச் பளிச்சென்று மின்னும் திரை ஆபத்து. இருட்டறையில் ஆடவிடாதீர்கள், மின்னும் பின்னணியை அமைப்பில் அணையுங்கள்.

மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது இது. "நீ சேட்டை பண்ணினே, இன்னிக்கு உனக்கு ஆட்டம் கிடையாது" என்ற தண்டனை வேண்டவே வேண்டாம். ஓரிடத்தில் உட்கார முடியாத பிள்ளைக்காகத்தான் இந்த ஏற்பாடே. அவனை வெளியே நிறுத்தினால், தேவைப்படுகிறவனுக்கு மட்டும் கிடைக்காத ஒன்றாக இது மாறிவிடும். நன்றாகப் படித்தவனுக்குப் பரிசாகக் கொடுப்பதும் அதே தவறுதான். மதிப்பெண் பலகையையும் மறைத்துவிடலாம். சில கேம்கள் உடல் எடையை அளந்து பிள்ளையிடமே குண்டு என்று சொல்லும். அந்த அளவீட்டைத் தொடவே வேண்டாம்.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு ஒலியைப் பாதியாகக் குறைத்து, முதல் பாட்டாக எப்போதும் ஒரே பாட்டை வைத்து, எத்தனை பாட்டு பாக்கி என்பதைப் பட அட்டையாகச் சுவரில் மாட்ட வேண்டும். இவர்களில் பலருக்குத் தாளத்தோடு கால் வைப்பது கடினம், சைக்கிள் எளிது. உட்கார்ந்த இடம் மாறாது, யாரும் மேலே மோத மாட்டார்கள். குதிகாலைப் பெடலில் வைத்துக் கீழே இறக்கினால் கால் நீள வேண்டும், இடுப்பு ஆடக் கூடாது. அந்த அளவுக்கு இருக்கை இறங்காத பெரியவர்கள் சைக்கிளைச் சின்னப் பிள்ளைகளுக்கு வாங்கினால் பணம் வீண்.

பலன் இருக்கிறதா என்பதை அளக்க மென்பொருள் தேவையில்லை. ஐந்து பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, ஆட்டம் முடிந்த பிறகு வரும் 20 நிமிடத்தில் 2 நிமிடத்துக்கு ஒரு முறை நிமிர்ந்து பார்த்து, வேலையில் இருந்தால் டிக், இல்லாவிட்டால் கோடு. ஆட்டம் தொடங்கும் முன் 2 வாரம், ஆட்டத்தோடு 4 வாரம், நிறுத்தி 2 வாரம். நிறுத்திய வாரங்களில் டிக் குறைந்தால்தான் ஆட்டத்துக்குப் பெருமை. கவனத்துக்கும் நடத்தைக்கும் இது உதவும் என்று தைரியமாகச் சொல்லலாம். தேர்வு மதிப்பெண் ஏறும் என்று யாரும் வாக்குக் கொடுக்க வேண்டாம்.

கேமரா வைத்த கேம் என்றால் பிள்ளைகளின் உருவம் எங்கே போகிறது என்று கேட்பது பள்ளியின் கடமை. 2023-ம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டோரின் தரவுக்குப் பெற்றோர் ஒப்புதலைக் கேட்கிறது. கணக்குத் தொடங்காமல், இணையம் இல்லாமல் ஓடும் கேமாக எடுத்தால் இந்தத் தலைவலியே இல்லை.

பள்ளிக் கல்வித் துறைக்கு ஒரு வேண்டுகோள். தொடக்கப் பள்ளிகளில் ஸ்மார்ட் வகுப்பறைத் திரைகள் வந்திருக்கின்றன. புதிதாக டெண்டர் விட வேண்டியதில்லை. முதலில் வட்டார வள மையங்களில் சிறப்புப் பயிற்றுநர் இருக்கும் இடங்களில், ஒரு கணினி, இரண்டு பாய், இரண்டு ஒயர் ஸ்பீக்கர், ஒரு பெட்டி சாக்பீஸ் கொடுத்து ஒரு பருவம் நடத்திப் பாருங்கள். டிக் தாள்களை வாங்கிப் பார்த்துவிட்டு மற்ற பள்ளிகளுக்குக் கொண்டுபோவதா என்று முடிவெடுங்கள். அந்த 15 நிமிடத்தைக் கால அட்டவணையில் எழுத்தில் போட்டுக் கொடுங்கள். எழுத்தில் இல்லாத நேரத்தை அரையாண்டுத் தேர்வு நெருங்கும்போது யாராவது எடுத்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
உடற்கல்வி, சிறப்புக் கல்வி ஆசிரியர்கள் சிலர்,
மதுரை