முடியப்பனும் ஸ்டீபனும் ஒரே பெயர்தான்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். குழந்தைகளுக்குச் சூட்டும் பெயர்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரையில், ஸ்டீபன் என்பது கிரேக்கத்திலிருந்து வந்த ஆண்பால் பெயர் என்றும் அதற்கு 'முடி' (தலையில் சூடும் மகுடம்) என்று பொருள் என்றும் ஒரே வரியில் கூறப்பட்டிருந்தது. அந்தப் பெயரைப் பொருள் மாறாமல் முடியப்பன் என்று தமிழாக்கி, தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வழங்கிவருவதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஸ்டீபன் என்ற பெயருக்கு மூலமான 'ஸ்டெபனோஸ்' என்று கிரேக்கர்கள் சொன்னது, இலை தழைகளை வளைத்துக் கட்டித் தலையில் சூட்டும் வளையத்தை. ஒலிம்பியாவில் பந்தயம் வென்றவருக்குக் காட்டு ஒலிவக் கிளையால் அதைச் செய்து சூட்டினார்கள். அரசர் தலையில் அணிவதற்கு 'டயடீமா' என்று வேறு சொல் இருந்தது. போரில் வென்றவர் வாகை சூடியதைப் புறத்திணையில் படித்த நமக்கு இந்த வழக்கம் எளிதில் விளங்கும். புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில், இயேசுவின் தலையில் வைக்கப்பட்ட முள்முடிக்கும் இதே சொல்தான் வருகிறது.

இப்பெயர் உலகெங்கும் பரவக் காரணமானவர், எருசலேமில் கைம்பெண்களுக்கு அன்றாட உணவு சரியாகப் போய்ச் சேர்வதைக் கவனிக்கத் தேர்ந்தெடுக்கப்பட்ட எழுவரில் ஒருவரும், கல்லெறிந்து கொல்லப்பட்ட முதல் மறைசாட்சியுமான (நம்பிக்கைக்காக உயிர்நீத்தவர்) புனித ஸ்டீபன். டிசம்பர் 26 அவருடைய திருநாள். பிரெஞ்சுக்காரர் அவரை எத்தியேன் என்றும், ஸ்பானியர் எஸ்தெபான் என்றும், ஹங்கேரியர் இஷ்த்வான் என்றும் தத்தம் நாவுக்கேற்ப ஒலியை மாற்றிக்கொண்டார்கள். ஹங்கேரியின் முதல் மன்னருக்கும் இதுவே திருமுழுக்குப் (ஞானஸ்நானப்) பெயர். ஆகஸ்ட் 20 அன்று அந்நாடு அவரை நினைவுகூர்கிறது. நம் முன்னோரோ ஒலியை விட்டுப் பொருளைப் பிடித்துக்கொண்டு, முடியப்பர் என்று பெயரிட்டார்கள். லத்தீனில் 'சிறியவர்' என்று பொருள்படும் பவுல் சின்னப்பரானதும் இப்படித்தான். கூந்தலில் பூ முடிப்பதாக இன்றும் சொல்கிறோமே, கட்டுவதையும் சூடுவதையும் ஒருசேரக் குறிக்கும் அந்த முடிதான், தழை வளையத்துக்கு எத்தனை பொருத்தம்!

ஆனால் இந்தத் தொடர்பு நம்மவர்களுக்கே மறந்துவருகிறது. இன்றைய பொது மொழிபெயர்ப்பு விவிலியத்தில் ஸ்தேவான் என்றே இருப்பதால், இளையவர்கள் பலருக்கு முடியப்பர் யாரென்று தெரிவதில்லை. தலைமுடியைச் சொல்லிக் கேலி செய்வார்கள் என்று அஞ்சிப் பிள்ளைகளுக்கு இப்பெயரை வைக்கத் தயங்கும் பெற்றோரை எனக்குத் தெரியும். என் தந்தைக்குப் பங்குக் கோவிலின் திருமுழுக்குப் பதிவேட்டில் முடியப்பன், பள்ளிச் சான்றிதழில் ஸ்டீபன். அவர் மறைந்தபின் பட்டா மாற்றத்துக்குச் சென்றபோது, இரண்டும் வெவ்வேறு ஆட்களின் பெயர்கள் என்று சொல்லி விண்ணப்பத்தைத் திருப்பிவிட்டார்கள். பங்குத்தந்தையின் கடிதமும் உறுதிமொழிப் பத்திரமும் கொடுத்து, இருவரும் ஒருவரே என்று மெய்ப்பிக்க எனக்கு நான்கு மாதங்கள் ஆயின.

இனிப் பெயர்ப் பட்டியல் வெளியிடும்போது ஸ்டீபனுக்குப் பக்கத்தில் முடியப்பனையும் அச்சிடுமாறு வேண்டிக்கொள்கிறேன். அடுத்த மாதம் திருமுழுக்குப் பெறவிருக்கும் என் பேரனுக்குப் பதிவேட்டிலும் பிறப்புச் சான்றிதழிலும் முடியப்பன் என்றே எழுதச் சொல்லியிருக்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகர்