இரண்டாம் பருவம் முடிந்தது: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்பான பெற்றோருக்கு வணக்கம்.

இரண்டாம் பருவம் நல்லபடியாக முடிந்தது. குறுவட்டப் போட்டியில் பிள்ளைகள் பரிசு வாங்கினார்கள், கலைத் திருவிழாவிலும் நன்றாகச் செய்தார்கள். விடைத்தாள்களில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுங்கள்.

சரி, நான் சொல்ல வந்தது வேறு. போன மாதம் ஒரு குழந்தை மூன்றாவது பாடவேளையில் பெஞ்சில் தலை சாய்த்துப் படுத்துவிட்டது. தொட்டால் கொதிக்கிறது. ஜாமெட்ரி பாக்ஸில் நோட்டுத் தாளில் மடித்த பாதி பாராசிட்டமால், மேலே 'சாப்பிட்டதும் போட்டுக்கொள்' என்று எழுதியிருந்தது. மறுநாள் காதுக்குக் கீழே வீக்கம், பொன்னுக்கு வீங்கி. இரண்டரை வாரத்தில் அதே வகுப்பில் இன்னும் நான்கு பேருக்குக் கன்னம் வீங்கியது.

காய்ச்சல் என்பது உடம்பே ஏற்றிக்கொள்ளும் சூடு. கிருமி நுழைந்ததும் வெள்ளையணுக்கள் மூளைக்குத் தகவல் அனுப்ப, மூளை சூட்டைக் கூட்டுகிறது; அந்தச் சூட்டில் பல கிருமிகள் பெருகுவது மட்டுப்படும், வெள்ளையணுக்களின் வேகம் கூடும். அந்தக் கிருமிக்கென்றே எதிர்ப்பொருள் தயாராக, முதல் தடவை என்றால், ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். மாத்திரை சூட்டையும் வலியையும் தணிக்கும், கொடுப்பதில் தப்பில்லை, ஆனால் கிருமி அப்படியேதான் இருக்கும், குழந்தை இருமினால் பக்கத்துப் பிள்ளைக்குப் போகும், தண்ணீர் பாட்டிலை மாற்றிக் குடித்தாலும் போகும். கழுத்தில் தங்கச் சங்கிலி போடுகிறீர்களா, போடுங்கள், என் பாட்டியும் எனக்குப் போட்டார், ஆனால் வீக்கத்தை வடியவைப்பது உடம்புதான், அதற்கு ஓய்வு வேண்டும்.

அதனால் கண்டிப்பாகச் சொல்கிறேன். மாத்திரை போட்டுப் பள்ளிக்கு அனுப்பாதீர்கள். மாத்திரை இல்லாமலே ஒரு முழு நாள் காய்ச்சல் வராமல் இருந்தால்தான் வகுப்பு. கன்னம் வீங்கினால், வீங்கிய நாளிலிருந்து 5 நாள் வீட்டில். சிகிச்சையால் எதிர்ப்புச் சக்தி குறைந்த ஒரு பிள்ளையும் நம்மிடம் படிக்கிறது, உங்கள் பிள்ளைக்கு நாலு நாளில் சரியாகிற காய்ச்சல் அந்தப் பிள்ளையை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடும். இதில் என்னால் விட்டுக்கொடுக்க முடியாது.

முழு வருகைப் பரிசுக்காகத்தான் அனுப்பினோம் என்று சிலர் சொன்னீர்கள். அது எங்கள் தவறு, அந்தப் பரிசை நிறுத்திவிட்டோம். விடுபட்ட பாடத்தை ஆசிரியர்கள் திரும்ப நடத்துவார்கள்.

அப்புறம், தமிழ்நாட்டில் 2017 முதல் அரசு போடும் எம்.ஆர். ஊசி தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் மட்டும்தான். பொன்னுக்கு வீங்கிக்கும் சேர்த்துத் தடுப்பது எம்.எம்.ஆர். ஊசி. உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

ஒரு நாள் லீவு போட்டால் அன்றைய கூலி போகும் வீடுகள் நம்மிடம் நிறைய உண்டு, அது எனக்குத் தெரியும். அப்படியும் காலை ஆறு மணிக்கே போன் செய்து 'பிள்ளைக்குச் சூடாக இருக்கு சார், இன்னைக்கு அனுப்பலை' என்று சொன்ன பெற்றோருக்கு மனமார்ந்த நன்றி. எந்த நேரமானாலும் அப்படிக் கூப்பிடுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்