மதுரை மாவட்ட ரத்தப் பரிசோதனை நிலையத்தாருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

மேலூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் சத்துணவு அமைப்பாளராக இருக்கிறேன். வாரத்தில் ஐந்து நாளும் பிள்ளைகளுக்கு முட்டை போடுகிற வேலை. நீங்கள் விற்கும் 'அலர்ஜி பேக்கேஜ்' ரிப்போர்ட்டுகள் இப்போது எங்கள் சமையலறை வரைக்கும் வந்துவிட்டன. அதனால்தான் எழுதுகிறேன்.

பிள்ளைக்கு உடம்பில் அரிப்பு, இல்லையென்றால் பனிக்காலத்தில் இளைப்பு. யாரோ சொன்னார்கள் என்று பெற்றோர் நேரே லேபுக்குப் போகிறார்கள். டாக்டர் சீட்டு இருக்கிறதா என்று கேட்பாரில்லை. பால், முட்டை, கோதுமை, நிலக்கடலை, கத்தரிக்காய் என்று நீளுகிற தாளில் பாதி வரிகள் சிவப்பு மையில் இருக்கின்றன. மறுநாள் அம்மா வந்து, "அக்கா, இவனுக்கு இனிமே முட்டை போடாதீங்க" என்கிறார். அதுவரை அதே முட்டையை ஒரு தடிப்புகூட இல்லாமல் சாப்பிட்டவன் அவன். கரப்பான் என்று பாட்டிமார் விதிக்கும் பத்தியமாவது புண் ஆறியதும் முடிந்துவிடும். உங்கள் தாளுக்கு அப்படி ஒரு முடிவு நாளும் இல்லை.

சோதனையையே நான் குறை சொல்லவில்லை. ஒவ்வாமையைத் தூண்டுகிற ஐஜிஇ (IgE) என்ற, ரத்தத்தில் இருக்கும் எதிர்ப்பொருளை 1960-களில் கண்டுபிடித்தது அலர்ஜி மருத்துவத்தையே மாற்றியது. தோலில் குத்திப் பார்க்கும் சோதனைக்கு முன் அரிப்பு மாத்திரையைச் சில நாள் நிறுத்த வேண்டும். ஐஜிஇ-யை அளக்கும் ரத்தச் சோதனைக்கு அது தேவையில்லை. ஆனால் முட்டைக்கான ஐஜிஇ 0.35-ஐத் தாண்டினால், இந்த உடம்பு முட்டையை அடையாளம் வைத்திருக்கிறது என்றுதான் பொருள். சாப்பிட்டால் ஒவ்வாமை வரும் என்று அதிலிருந்தே முடிவு கட்ட முடியாது. எண் கூடக்கூட வாய்ப்பும் கூடும், அவ்வளவுதான். வந்தால் எவ்வளவு கடுமையாக வரும் என்பதையும் அந்த எண் சொல்லாது.

எந்த உணவுக்கென்று பிரிக்காத மொத்த ஐஜிஇ, ஈசினோஃபில் என்ற ஒருவகை வெள்ளை அணுவின் எண்ணிக்கை, இவற்றின் கதை வேறு. செருப்பில்லாமல் கண்மாய்க்கரையில் ஓடுகிற பிள்ளைகளுக்கு வயிற்றில் பூச்சி இருந்தாலே இரண்டும் ஏறும். வருடத்துக்கு இரண்டு முறை பள்ளியில் அல்பெண்டசோல் மாத்திரை கொடுப்பதே அந்தப் பூச்சிக்காகத்தான். அதைக் கேட்காமல், எண் கூடியிருக்கிறது, ஆகவே அலர்ஜி என்று எழுதிக் கொடுப்பது சரியா?

சில பேக்கேஜ்களில் உணவுக்கான ஐஜிஜி (IgG) என்ற வேறொரு எதிர்ப்பொருள் சோதனையும் சேர்ந்தே வருகிறது. எனக்குக் கோபம் வருவது இதில்தான். ஒரு பொருளைத் தொடர்ந்து சாப்பிடுகிறவர்களுக்கு அந்த எதிர்ப்பொருள் இருப்பது இயல்பு. உணவு ஒவ்வாமையைக் கண்டறிய இதைச் செய்ய வேண்டாம் என்று ஐரோப்பிய அலர்ஜி மருத்துவர்கள் அமைப்பு 2008-லேயே சொல்லிவிட்டது. பிள்ளை தினமும் எதைச் சாப்பிடுகிறது என்பதை அதன் அம்மாவுக்கே காசு வாங்கிக்கொண்டு சொல்கிறீர்கள்.

தேவையில்லாமல் விலக்குவதிலும் ஆபத்து உண்டு. பிரிட்டனில் கடுமையான தோல் அழற்சியோ முட்டை ஒவ்வாமையோ இருந்த 640 கைக்குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, 2015-இல் வெளியானது. நிலக்கடலையைத் தவிர்த்த குழந்தைகளில் நூற்றுக்குச் சுமார் 17 பேருக்கு ஐந்து வயதில் கடலை ஒவ்வாமை இருந்தது. பக்குவமாகச் சாப்பிட வைத்தவர்களில் அது 3 பேருக்குத்தான். அப்புறம், கூலி வேலைக்குப் போகும் வீட்டில் முட்டைக்குப் பதிலாக என்ன புரதம் வாங்குவார்கள்?

உண்மையான ஒவ்வாமையும் உண்டு, அது உயிரைக்கூட எடுக்கும். சாப்பிட்ட இரண்டு மணி நேரத்துக்குள் தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி, மூச்சுத் திணறல் என்று வந்த பிள்ளைக்கு அந்த உணவுக்கு மட்டும் சோதனை எடுங்கள். சந்தேகம் தீராவிட்டால் ஆஸ்பத்திரியில் மருத்துவர் கண்முன்னே கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பார்ப்பதுதான் கடைசித் தீர்ப்பு. முட்டையில் ஓவோமியூகாய்ட் என்ற ஒரே புரதத்துக்கான ஐஜிஇ பார்த்தால், நன்றாக வேகவைத்த முட்டையும் ஒத்துக்கொள்ளாமல் போகுமா என்று ஓரளவு ஊகிக்கலாம். ஐம்பது உணவுப் பட்டியலைவிட இந்த ஒரு வரி எனக்கு உதவும்.

தாய் வேண்டாம் என்றால் நான் முட்டை போடுவதில்லை, போடவும் கூடாது. ஆகவே நீங்கள்தான் மாற வேண்டும். டாக்டர் சீட்டு இல்லாமல் குழந்தைகளுக்கு அலர்ஜி பேக்கேஜ் எடுக்காதீர்கள். ஐஜிஜி உணவுப் பட்டியலை நிறுத்துங்கள். ரிப்போர்ட்டில் கையெழுத்துக்கு மேலே, தமிழில், பெரிய எழுத்தில் இதை அச்சிடுங்கள்: "இது ஒவ்வாமை உறுதி ஆனதற்கான சான்று அல்ல. சாப்பிட்டுப் பழகிய எந்த உணவையும் குழந்தைகள் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம்."

இப்படிக்கு,
ஒரு சத்துணவு அமைப்பாளர்,
மேலூர் வட்டம்.