பொத்தானை அழுத்திவிட்டுத் தூங்கப் போனவன் எழுதுவது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் பெல்லட் கிரில் என்ற கறி சுடும் அடுப்பைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை சிரித்துக்கொண்டே படித்தேன். இரண்டாம் முறை சிரிப்பு வரவில்லை. "இதை வாங்கியவருக்குப் பொத்தானை அழுத்துவதைத் தவிர வேறு வேலையே இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். டெக்சாஸில், ஆஸ்டினை அடுத்த ரவுண்ட் ராக்கில், வீட்டுக் கொல்லையில் 2016 முதல் அப்படி ஒன்றை வைத்துக்கொண்டு மாரடிப்பவன் நான். அந்தப் பொத்தான் எந்தப் பக்கம் இருக்கிறது என்று எனக்கும் காட்டினால் உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

அந்த அடுப்பு எப்படி வேலை செய்கிறது என்று தங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. பக்கத்துத் தொட்டியில் பெல்லட் கொட்டுகிறோம். நம் ஊர் மாட்டுத் தீவனக் குச்சி போலவே இருக்கும். மரத்தூளை அழுத்திச் செய்தது. ஒரு திருகுத் தண்டு அதைக் கொஞ்சம் கொஞ்சமாக நடுவில் உள்ள தீக்கிண்ணத்துக்குத் தள்ளுகிறது. மின்சாரக் கம்பி ஒன்று பழுத்துப் பற்றவைக்கிறது, விசிறி ஊதுகிறது, வெப்பத்தை அளந்து அளந்து எவ்வளவு தள்ளுவது என்று ஒரு சிறு கணினி முடிவு செய்கிறது. எல்லாம் சரி. ஆனால் எரிந்தால் சாம்பல் விழும் என்பதைத் தங்கள் கட்டுரையாளர் எப்படி மறந்தார்? விறகடுப்பு வைத்திருந்த எந்தப் பாட்டியைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பாரே!

எனக்கு அது விளங்கியது 2018 கோடையில். மறுநாள் மதியம் விருந்தாளிகள். இரவு பத்து மணிக்குப் பதின்மூன்று பவுண்டு பிரிஸ்கெட்டை, அதாவது மாட்டின் நெஞ்சுக்கறியை, உள்ளே வைத்து 225 டிகிரி பாரன்ஹீட்டில் நிறுத்தி, பொத்தானை அழுத்திவிட்டுத் தங்கள் கட்டுரை சொல்வதுபோலவே தூங்கப் போனேன். மூன்று மணிக்கு வெப்பமானி அலறியது. கிண்ணத்தில் சாம்பல் மண்டி நெருப்பு அணைந்திருக்கிறது. திருகுத் தண்டு மட்டும் கடமை தவறாமல் பெல்லட்டைக் கொண்டுவந்து குவித்திருக்கிறது. தூக்கக் கலக்கத்தில் மீண்டும் பொத்தானை அழுத்தினேன். முதலில் வெள்ளைப் புகை. மஞ்சள் கலந்த, கொழகொழவென்ற புகை. பத்து நிமிடம் கழித்து 'தொம்' என்று ஒரு சத்தம். கனத்த இரும்பு மூடி எழும்பி விழுந்தது. பக்கத்து வீட்டு நாய் விடியும்வரை குரைத்தது. என் வலது புருவம் வளர ஆறு வாரம் ஆயிற்று.

தங்கள் கட்டுரையில் என்ன இருக்கிறது? "நடுவில் அணைந்துவிட்டால் கவலை வேண்டாம், மீண்டும் அழுத்தினால் போதும்." இதைப் படித்துவிட்டு யாராவது செய்து பார்த்தால் புருவத்தோடு போகும் என்று தாங்கள் உறுதி கூறுவீர்களா? அதோடு விட்டாரா? "சமைத்து முடித்ததும் பிளக்கைப் பிடுங்கிவிடலாம்" என்று இன்னொன்று. ஐயா, அணைக்கும் பொத்தானை அழுத்திய பிறகும் விசிறி பத்துப் பதினைந்து நிமிடம் ஓடுவது மிச்சத்தை எரித்துத் தீர்ப்பதற்காக. பிளக்கைப் பிடுங்கினால் கிண்ணத்தில் இருக்கும் கங்கு திருகுக் குழாய் வழியே பின்னோக்கிப் புகைந்து தொட்டிக்கே போகலாம். தொட்டியிலோ பத்துக் கிலோ மரத்தூள்.

அன்றைய விருந்தையும் சொல்லிவிடுகிறேன். "ஐந்து மணி நேரத்தில் பிரிஸ்கெட் தயார்" என்று கட்டுரையில் ஒரு பெட்டிச்செய்தி இருக்கிறதல்லவா? அந்தக் கறி 160 டிகிரியை எட்டியதும் வெப்பம் ஏறாமல் மணிக்கணக்கில் அப்படியே நிற்கும். மேலே கசியும் நீர் ஆவியாகி ஆவியாகிக் கறியைக் குளிரவைத்துக்கொண்டே இருப்பதுதான் காரணம். நம் மண்பானைத் தண்ணீர்க் கணக்கேதான். மதியம் ஒரு மணிக்கு விருந்தாளிகள் வந்தபோது அது 162-இல் நின்றது. என் மனைவி ஒரு வார்த்தை பேசாமல் சாம்பார் சாதம் பரிமாறினாள். கறி பதமாக வெந்ததற்கு அடையாளமான 203-ஐத் தொட்டபோது இரவு எட்டு மணி. சாப்பிட நாங்கள் இருவர் மட்டும்.

மழைக்காலக் கதை வேறு. ஒரு முறை மேலுறை போட மறந்து ஊருக்குப் போய்விட்டேன். ஈரம் பட்ட பெல்லட் ஊறி, பொதபொதவென்று மாவாகி, திருகுக் குழாய்க்குள் போய்ச் சிமென்ட் போல இறுகிவிட்டது. மோட்டாரைக் காப்பாற்றுவதற்கென்றே வைத்திருக்கும் சின்னஞ்சிறு ஆணி ஒடிந்தது. புல்தரையில் பழைய போர்வையை விரித்து உட்கார்ந்து, ஸ்க்ரூடிரைவரால் குத்திக் குத்தி நான்கு மணி நேரம் சுரண்டினேன். வாங்கிய கம்பெனிக்குத் தொலைபேசினால் நாற்பது நிமிடம் பாட்டுப் போட்டார்கள், பிறகு "உத்தரவாதத்தில் ஈரம் சேராது" என்றார்கள். பற்றவைக்கும் கம்பி இப்போது இருப்பது மூன்றாவது.

எல்லாவற்றையும்விட 2021 பிப்ரவரி. பனிப்புயலில் டெக்சாஸின் பெரும் பகுதியில் மின்சாரம் போனதைத் தங்கள் இதழும் எழுதியது (ஆஸ்டின் இருக்க, டல்லாஸை மாநிலத் தலைநகர் என்று குறிப்பிட்டு; அது போகட்டும்). எங்களுக்கு மூன்று நாள் இல்லை. தொட்டி நிறையப் பெல்லட் இருக்கிறது, குளிர்பெட்டியில் கறி இருக்கிறது, அடுப்பு பிணம் போல் கிடக்கிறது. மின்சாரம் இல்லாமல் அது திருகாது, ஊதாது, பற்றவைக்காது. பக்கத்து வீட்டுப் பெரியவர் தம் பழைய கரி அடுப்பைக் கொல்லையில் வைத்து மூட்டினார். அதில்தான் எங்கள் வீட்டு ரசமும் கொதித்தது. கையுறை போட்ட கையால் ரசம் கிளறியவன் எழுதுகிறேன்: இதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரி இல்லை.

கட்டுரைக்கு மேலே போட்டிருந்த படமோ அதே வட்டமான கரி அடுப்பு! பெல்லட் கிரில்லுக்குக் கரி அடுப்பின் படம். "டெக்சாஸ் கண்டுபிடிப்பு" என்று வேறு பெருமைப்படுத்தியிருக்கிறீர்கள். எங்கள் ஊருக்கு இல்லாத பெருமை வேண்டாம். அது 1980-களில் ஆரிகன் மாநிலத்து மவுன்ட் ஏஞ்சல் என்ற சிற்றூரில் ஜோ டிரேகர் செய்தது. காப்புரிமை 2006-இல் முடிந்த பிறகுதான் மற்றக் கம்பெனிகள் இறங்கின. டெக்சாஸ்காரர்கள் கறி சுடப் போஸ்ட் ஓக் என்ற மரத்தின் கட்டையை அடுக்கி இரவெல்லாம் கண்விழிப்பவர்கள். சுட்ட கறிக்குப் பேர்போன லாக்ஹார்ட் ஊர்ப் பக்கம் போய் பெல்லட் என்று சொன்னால் இன்றும் ஒரு மாதிரிதான் பார்ப்பார்கள்.

பிறகு ஏன் வைத்திருக்கிறாய் என்று கேட்பீர்கள். தீபாவளிக்கு மசாலா தடவிய ஆட்டுத்தொடையை அதில் ஆறு மணி நேரம் வைத்து எடுத்துப் பார்த்தவர் கேட்க மாட்டார். எலும்பைப் பிடித்து ஆட்டினால் கறி தானே கழன்று வரும். ஆனால் கத்தரிக்காய் சுடுவதற்கு அது உதவாது என்பதையும் சொல்ல வேண்டும்: தோல் கருகாது, சும்மா சுருங்கிக்கொண்டு கிடக்கும். கொத்சுக்கு இன்றும் கேஸ் அடுப்புத்தான்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த இதழில் இரண்டே வரி: நடுவில் அணைந்தால், ஆறிய பிறகு கிண்ணத்தைக் காலி செய்துவிட்டே மீண்டும் மூட்ட வேண்டும், பிளக்கைப் பிடுங்கக் கூடாது. நாலைந்து சமையலுக்கு ஒரு முறை சாம்பல் அள்ள வேண்டும் என்று மூன்றாவது வரிக்கும் இடம் இருந்தால் மகிழ்ச்சி. இடம் இருக்காது என்று தெரியும். 2019-இல் வான்கோழி சமைப்பது பற்றி நான் எழுதிய இரண்டு பக்கக் கடிதத்தை நான்கு வரியாக்கி, 165 டிகிரி என்று நான் எழுதியதை 65 என்று அச்சிட்டு, அடியில் வேறு யாருடைய பெயரையோ போட்டிருந்தீர்கள். ஆகவே இம்முறை பெயரை எழுதும் சிரமத்தை நான் எடுத்துக்கொள்ளவில்லை.

இப்படிக்கு,
பதினான்கு ஆண்டுச் சந்தாதாரர்,
ரவுண்ட் ராக், டெக்சாஸ்.

பி.கு.: மே மாத இதழ் இன்னும் வரவில்லை.