குதிரை மேல் இருக்கும்போது மனம் எங்கே இருக்க வேண்டும்

திருகோணமலை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

குதிரையேற்றப் பயிற்சி நன்றாகவே போகிறது என்று எழுதியிருந்தாய். ஆனால் சேணத்தில் அமர்ந்து சிறிது நேரத்திலேயே அலுவலக வேலை நினைவுக்கு வந்துவிடுகிறது என்றும், பயிற்றுநர் அடுத்தடுத்துப் பல திருத்தங்களைச் சொன்னால் எதுவுமே கைகூடுவதில்லை என்றும், திடலின் ஒரு மூலையில் மட்டும் குதிரை மிரண்டு விலகுகிறது என்றும் கவலைப்பட்டிருக்கிறாய். கொழும்பில் பொலிஸ் குதிரைப் பிரிவில் பணியாற்றிய காலத்தில் இவை எல்லாவற்றையும் பார்த்தவன் என்பதால், தொலைபேசியில் அவசரமாகச் சொல்லி முடிக்காமல் நிதானமாக எழுத நினைத்தேன்.

முதலில், "கவனம், கவனம்" என்று உனக்கு நீயே சொல்லிக்கொள்வதை நிறுத்து. அப்படிச் சொல்லிக்கொள்பவர் பல்லைக் கடிப்பார், தோளை உயர்த்துவார், முழங்காலால் சேணத்தை இறுக்குவார், தன்னை அறியாமலே மூச்சையும் பிடித்துக்கொள்வார். குதிரைக்கு இவை யாவும் ஆபத்தின் அறிகுறிகள். பிரெட்ரிக் கோட்டைக்குள் மேயும் மான்களைச் சிறுவயதிலிருந்தே நீ பார்த்திருக்கிறாய். ஒன்று தலையை நிமிர்த்திக் காதை விறைத்தால், காரணம் தெரியாமலே மற்றவையும் மேய்ச்சலை நிறுத்தும். குதிரையும் வேட்டையாடப்படும் இனம். கூட்டத்தின் உடல்மொழியை வாசித்தே உயிர் பிழைத்து வந்தது. நீ ஏறி அமர்ந்த பிறகு அதற்குக் கூட்டம் நீதான்.

பெர்லினில் வில்ஹெல்ம் ஃபொன் ஒஸ்டன் என்ற ஓய்வுபெற்ற ஆசிரியரிடம் ஹான்ஸ் என்ற குதிரை இருந்தது. கணக்குக் கேட்டால் குளம்பால் தட்டி விடை சொல்லும் என்று அது பெரும் புகழ் பெற்றிருந்தது. 1907இல் அதை ஆராய்ந்த ஒஸ்கார் ஃபுங்ஸ்ட், கேள்வி கேட்பவருக்கே விடை தெரியாதபோது குதிரையும் தவறிவிடுவதைக் கண்டார். சரியான எண்ணிக்கை வந்ததும் கேட்பவரின் தலை தன்னையறியாமல் மிக நுண்மையாக அசையும். அந்த அசைவைப் பார்த்தே குதிரை தட்டுவதை நிறுத்தியிருக்கிறது. தரையில் நிற்பவரின் தலையசைவையே இவ்வாறு வாசிக்கும் விலங்கு, முதுகின் மேல் அமர்ந்திருப்பவரின் இறுக்கத்தை அறியாமல் விடுமா? சுவீடனில் நடந்து 2009இல் வெளியான ஓர் ஆய்வில், குதிரை கடந்து செல்லும்போது குடை ஒன்று விரிக்கப்படும் என்று அதை நடத்திச் சென்றவர்களிடமும் ஓட்டிச் சென்றவர்களிடமும் சொன்னார்கள். குடை விரிக்கப்படவே இல்லை. ஆயினும் மனிதர்களின் இதயத்துடிப்போடு குதிரைகளின் இதயத்துடிப்பும் உயர்ந்தது.

ஆகவே மனதை அடக்க முயலாதே. அதற்கு ஒரு வேலை கொடு. முதல் வேலை கண்ணுக்கு. புதிதாகப் பயில்பவர்கள் பெரும்பாலும் குதிரையின் கழுத்தையோ தங்கள் கைகளையோ பார்த்துக்கொண்டிருப்பார்கள். மனிதத் தலையின் எடை ஏறத்தாழ 5 கிலோ; அது முன்னால் கவிழ்ந்தால் முதுகு வளைந்து, பாரம் கூடுதலாகக் குதிரையின் முன்கால்களின் மேல் விழுகிறது. மூதூருக்குப் போகும் படகில் சுக்கான் பிடிப்பவர் படகின் முன்முனையான அணியத்தைப் பார்த்துக்கொண்டா செலுத்துகிறார்? அக்கரையில் ஓர் அடையாளத்தைக் கண்ணால் பிடித்துக்கொண்டு, கொட்டியாரக் குடாவின் அலையை உடம்பால் உணர்ந்தே செலுத்துகிறார். நீயும் 20 மீற்றர் வட்டத்தில் போகும்போது கால்பங்கு வட்டத்துக்கு அப்பால் வரப்போகும் இடத்தைப் பார். முறைத்துப் பார்க்காமல், ஓரங்களில் இருப்பவையும் தெரியும்படி கண்ணை இளக்கி வைத்திரு. பார்வை முன்னால் போனால் தோளும் இடுப்பும் தாமாகவே அந்தப் பக்கம் திரும்பும். கடிவாளத்தை இழுக்க வேண்டிய தேவையும் பாதியாகக் குறையும்.

இரண்டாவது வேலை எண்ணுவது. சாதாரண நடையில் நான்கு அடி, ட்ரொட் என்ற துள்ளுநடையில் இரண்டு, கன்டர் என்ற மெதுவான பாய்ச்சலில் மூன்று என்று குளம்பொலியை வாய்விட்டு எண்ணு. வாய்விட்டு எண்ணுபவரால் மூச்சைப் பிடித்து வைத்திருக்க முடியாது என்பதால் இதை நான் மிகவும் மதிக்கிறேன். அலுவலகத்து நினைவு வரட்டும். வந்தால் எண்ணிக்கை தவறும், தவறிய உடனே உனக்குத் தெரிந்துவிடும். உன்னை நீயே கடிந்துகொள்ளாமல் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கு. வேகத்தைக் குறைக்க விரும்பும்போது முதலில் நீண்ட மூச்சை விடு, அதன் பிறகே கையைப் பயன்படுத்து; சில வாரங்களில் குதிரை உன் மூச்சுக்கே நடையை மாற்றத் தொடங்கும்.

பயிற்றுநரிடம், ஒரு சுற்றுக்கு ஒரு திருத்தம் மட்டும் தரும்படி பணிவாகக் கேள். நல்ல ஆசிரியர் இதற்குக் கோபிக்க மாட்டார். திடலில் பயிலும் நாட்களில் தொலைபேசியை அணைத்துவிடு. குதிரையைத் தேய்த்துவிடும்போதே உன் கையின் அசைவில் மனதை வைத்துப் பழகு.

அந்த மூலைக்கு வருகிறேன். குதிரையின் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் அமைந்திருப்பதால் சுற்றிலும் ஏறத்தாழ 350 பாகை வரை அதற்குத் தெரியும். நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும்தான் தெரியாது. ஆகையால் உன் கண்ணுக்கு ஒன்றுமில்லாத இடத்தில் அதற்கு ஏதோ ஒன்று இருந்திருக்கலாம், அதைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் இப்போது நீயும் அந்த மூலையை எதிர்பார்த்து, நெருங்கும் முன்பே இறுகிப் போகிறாய் என்று எனக்குத் தோன்றுகிறது. நீ அதை உற்றுப் பார்த்தால், அங்கே பயப்பட ஏதோ இருக்கிறது என்று நீயே குதிரைக்கு உறுதிப்படுத்துகிறாய். மூலைக்குச் சில குதிரை நீளங்கள் முன்பாகவே மூச்சை விட்டு, உட்பக்கக் காலால் மெதுவாக அணைத்து, குதிரையின் தலையைச் சற்றே உட்புறம் திருப்பச் செய்து, நீ திடலின் ஓரத்தில் மூலையைத் தாண்டி இருக்கும் அடுத்த எழுத்துப் பலகையைப் பார். அதன் காதைக் கவனி: ஒரு காது உன் பக்கம் திரும்பினால் அது உன்னைக் கேட்கிறது என்று பொருள். அந்தக் கணத்திலேயே கழுத்தைத் தடவிக்கொடு.

முழு நேரமும் ஒரே கூர்மையோடு இருக்க உன்னாலும் முடியாது, குதிரையாலும் முடியாது. சிறிது நேர உழைப்புக்குப் பிறகு கடிவாள வாரைத் தளர்த்திக் குதிரையை நடக்க விடு. அப்போது உன் மனமும் அலையட்டும்.

நீ ஆசைப்படும் முதல் ட்ரெசாஜ் போட்டிக்கு (குறித்த அசைவுகளைக் குதிரையோடு வரிசைப்படி செய்து காட்டும் போட்டி), 20க்கு 40 மீற்றர் திடலை வீட்டு முற்றத்தில் சிறிதாக வரைந்து, ஏ, கே, ஈ, எச், சி, எம், பி, எஃப் என்ற எழுத்துகளை இட்டு, காலால் நடந்து பழகு. எந்த எழுத்தில் மூச்சு விட வேண்டும் என்பதையும் சேர்த்தே மனப்பாடம் செய். நாள் குறிக்கப்பட்டதும் அந்த அசைவுகளின் வரிசை எழுதிய சோதனைத் தாளின் பிரதி ஒன்றை எனக்கு அனுப்பு. நானும் இங்கே பாடமாக்கிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் நீ அழைக்கும்போது உன்னிடம் கேட்டுப் பார்க்கிறேன். தலைக்கவசத்தின் வார் தேய்ந்திருக்கிறதா என்று பார்த்து எழுதும்படி அம்மா சொல்கிறாள்.

அன்புடன்,
அப்பா