டவுன் பஸ்ஸின் வரவு டெப்போ கணக்கில் தெரியாது

ஆசிரியருக்கு வணக்கம்.

அரசுப் போக்குவரத்துக் கழகங்களின் நஷ்டத்தைப் பற்றிப் பேச்சு வந்தாலே, மகளிர் இலவசப் பயணத்தையும் சேர்த்து நாலு வார்த்தை திட்டுவது வழக்கமாகிவிட்டது. திண்டுக்கல் மாவட்டத்தில் இருந்து பார்க்கிற எனக்கு அது பாதிக் கணக்காகத்தான் படுகிறது.

வேடசந்தூர் பக்கம் நூற்பாலைகள் அதிகம். விடிவதற்கு முன்பே மில் வேன்கள் ஊர் ஊராக வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போகும். எந்த மில் வேன் ஊருக்குள் வருகிறதோ அந்த மில்லில்தான் வேலை. பக்கத்து மில்லில் ஐம்பது ரூபாய் கூடக் கிடைக்கும் என்று தெரிந்தாலும் போய்ச் சேர வழி வேண்டுமே! ஷிப்ட் முடிகிற நேரத்தில், ‘இன்னும் ரெண்டு மணி நேரம் பாத்துட்டுப் போங்கம்மா’ என்று சூப்பர்வைசர் சொன்னால் மறுத்துப் பேச முடியாது. வேன் கிளம்பினால்தான் வீடு. அதே ரோட்டில் நேரத்துக்கு ஒரு டவுன் பஸ் ஓடட்டும், அந்தப் பெண் கூலி பேச ஆரம்பித்துவிடுவார். திண்டுக்கல்லில் ஜவுளிக்கடை வேலையோ ஆஸ்பத்திரி வேலையோகூட யோசிக்கலாம்.

2021 மே மாதம் தொடங்கிய இலவசப் பயணத்தால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது. அந்தப் பணம் மளிகைக் கடைக்கும், பிள்ளைகளின் டியூஷனுக்கும், குழுக் கடன் தவணைக்கும் போகிறது. பெரும்பாலும் உள்ளூரிலேயே சுற்றுகிற பணம். ஆனால் இது எந்த ஏட்டிலும் வரவாக ஏறாது. 2025-26 பட்ஜெட்டில் இதற்கு ஒதுக்கிய 3,600 கோடி மட்டும் செலவாக எல்லார் கண்ணையும் உறுத்துகிறது.

சரி, டிக்கெட் இலவசம். பஸ் எங்கே? சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில்தான் சலுகை. காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று வந்துபோகிற ஊர்களுக்கு அதனால் எவ்வளவு பிரயோஜனம்? கண்டக்டர் லீவு என்றால் அன்றைக்கு அதுவும் கட். கேட்டால், ‘அந்த ரூட்ல கலெக்‌ஷன் இல்லைங்க’ என்கிறார்கள். டிரிப்பைக் குறைத்தால் ஜனங்கள் தவணையில் டூவீலர் எடுக்கிறார்கள். அப்புறம் கலெக்‌ஷன் எப்படி வரும்?

முன்பெல்லாம் கடைசி டிரிப் பஸ் ஊரிலேயே ராத்திரி நிற்கும். டிரைவரும் கண்டக்டரும் அங்கேயே படுத்துவிட்டு விடியற்காலையில் வண்டியை எடுப்பார்கள். அந்த முதல் டிரிப்பில் ஆளைவிடப் பூக்கூடைகள்தான் அதிகம் இருக்கும். நிலக்கோட்டைச் சந்தைக்கு மல்லிகை கொண்டுபோகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். வெயில் ஏற ஏறப் பூவும் வாடும், விலையும் இறங்கும். ஒரு டிரிப் நின்றதில் சின்ன விவசாயிக்கு ஆட்டோ வாடகை கூடுதல் செலவு. இதையும் யாரும் நஷ்டக் கணக்கில் எழுதுவதில்லை.

மினி பஸ் வந்துவிட்டதே என்பார்கள். 1997-இலும் வந்தது, 2025 ஜூனில் புதுத் திட்டமாக மறுபடியும் வந்திருக்கிறது. வரவேற்கிறேன். ஆனால் அது தனியார் வண்டி, பெண்களும் டிக்கெட் எடுக்க வேண்டும். கூட்டம் இல்லாத ராத்திரி நேரத்தில் கைக்காசைப் போட்டு ஓட்டுங்கள் என்று முதலாளியிடம் எப்படிக் கேட்பது? அந்த டிரிப்பை அரசுதான் ஓட்ட வேண்டும்.

அதே 2025-26 பட்ஜெட்டில் 3,000 புதுப் பஸ்கள் அறிவித்தார்கள். அவற்றில் கிராம ரூட்டுகளுக்கு எத்தனை என்பதை மாவட்டவாரியாக வெளியிட வேண்டும். வண்டியோடு சேர்த்து டிரைவர், கண்டக்டர் நியமனமும் நடக்க வேண்டும். முதல் டிரிப்பையும் கடைசி டிரிப்பையும் சந்தை நேரம், ஷிப்ட் நேரம் பார்த்துப் போட வேண்டும். முதலில் மில்கள் உள்ள ரூட்டுகளில் இரண்டாம் ஷிப்ட் விடுகிற நேரத்துக்கு ஒரு பஸ்ஸை ஓர் ஆண்டு விட்டுப் பார்க்கட்டும். கலெக்‌ஷன் பேச்சை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திண்டுக்கல் மாவட்டம்