2024–25 ஆண்டறிக்கை: பொது திசு ஆய்வகப் பணி

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, மூத்த உறுப்பினர்களே, பயிற்சிக்கு வந்திருக்கும் தம்பி தங்கைகளே, அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு வழக்கம்போல் கூடியது. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். ஆகவே, இந்த ஆண்டு நம் நேரத்தை அதிகம் எடுத்துக்கொண்ட, நம் உறுப்பினர் லேப்களுக்கெல்லாம் பொதுவான ஆய்வகத்துக்கே நேராக வருகிறேன்.

ஐ.எச்.சி. சோதனையை, அதாவது திசுவில் குறிப்பிட்ட புரதம் இருக்கிறதா என்று ஆன்டிபாடி கொண்டு சாயமேற்றிப் பார்ப்பதை, ஏன் ஓரிடத்தில் சேர்த்தோம் என்று புது உறுப்பினர்கள் கேட்கிறார்கள். மார்பகக் கட்டி என்றால் ஈ.ஆர்., பி.ஆர். என்ற ஹார்மோன் ஏற்பிகள், ஹெர்-2 என்ற புரதம் மூன்றும் பார்க்க வேண்டும். அதற்கான ஆன்டிபாடி விலை அதிகம், காலாவதித் தேதியும் உண்டு. எப்போதாவது ஒரு கேஸ் வரும் சின்ன லேபில் பாதிக் குப்பி ஃப்ரிட்ஜிலேயே வீணாகிவிடும். சாயம் சரியாகப் பிடிக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்கும் கண்ட்ரோல் ஸ்லைடும் ஒவ்வொரு முறையும் ஓட்டியாக வேண்டும். அதனால் திசுவை மெழுகில் பதித்துப் பிளாக் போடுவது, எச் அண்ட் ஈ என்ற வழக்கமான சாயத்தை ஏற்றுவது எல்லாம் அவரவர் லேபில், ஐ.எச்.சி. மட்டும் பொது ஆய்வகத்தில், கேஸ்களைச் சேர்த்துவைத்து. இந்த ஏற்பாடு நன்றாகவே ஓடுகிறது.

தொல்லை எல்லாம் பிளாக் நம் கைக்கு வருவதற்கு முன்னால்தான். கட்டியை வெளியே எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் அது திசுவைக் கெடாமல் காக்கும் பார்மலினில் விழ வேண்டும். 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்துக்கு மிகாமலும் ஊற வேண்டும். மார்பகப் புற்றுநோய்க்கான அமெரிக்க வழிகாட்டுதல்கள் சொல்வது இதுதான். நமக்கு வருவதோ வேறு. ஒரு மருத்துவமனையிலிருந்து பெரிய கட்டியைச் சலைனில், அதாவது வெறும் உப்புநீரில், போட்டு அனுப்பினார்கள், ஜி.எஸ்.டி. சாலை நெரிசலைத் தாண்டி அது வந்து சேர்ந்தபோதே உள்ளே திசு சிதையத் தொடங்கியிருந்தது. இன்னோர் இடத்திலிருந்து வாய் குறுகிய பாட்டிலில் திணித்து அனுப்பினார்கள். பார்மலினில் விறைத்த கட்டி அந்த வாய் வழியே வருமா? பாட்டிலை அறுத்துத்தான் எடுத்தோம்.

இதற்காகவே கோரிக்கைப் படிவத்தில் இரண்டு கட்டங்களைச் சேர்த்தோம்: கட்டி எடுத்த நேரம், பார்மலினில் போட்ட நேரம். தியேட்டர் சிஸ்டர்கள் ஆரம்பத்தில் முகம் சுளித்தார்கள், அது நியாயமும்கூட. அவர்களுக்கு ஏற்கெனவே எழுத்து வேலை ஏராளம். அப்புறம் நம் டெக்னீஷியன்களே நேரில் போய், சாயம் பிடிக்காத ஸ்லைடையும் நன்றாகப் பிடித்த ஸ்லைடையும் அருகருகே காட்டினார்கள். அதற்குப் பிறகு கட்டங்கள் காலியாக வருவது குறைந்தது. பொங்கல் விடுமுறையில் 72 மணி நேரம் தாண்டிவிடக் கூடாதே என்று முறை வைத்து வந்து, திசுக்களை 70% ஆல்கஹாலுக்கு மாற்றியவர்களுக்குச் சங்கத்தின் தனி நன்றி.

2025 பிப்ரவரியில் சென்னை ஐ.ஐ.டி. வெளியிட்ட பாரத் புற்றுநோய் மரபணு வரைபடம் பற்றிப் பலரும் படித்திருப்பீர்கள். 480 மார்பகப் புற்றுநோய்த் திசு மாதிரிகளை வைத்துச் செய்த வேலை அது. செய்தியில் மரபணு வாசிக்கும் இயந்திரம்தான் பெரிதாக வரும். திசுவை ஒழுங்காகக் காப்பாற்றித் தந்தவர்களைப் பற்றி ஒரு வரி வந்தால் அதிகம். பார்மலினில் அளவுக்கு மீறி ஊறிய திசுவில் டி.என்.ஏ. துண்டு துண்டாகிக் கிடக்கும், எந்த இயந்திரமும் அதைச் சேர்த்துப் படிக்காது. எலும்புத் திசுவை மென்மையாக்கக் கடும் அமிலம் போட்டாலும் அதே கதிதான். அவசரமில்லாத கேஸ்களுக்கு இனி அமிலத்துக்குப் பதில் ஈ.டி.டி.ஏ. என்ற மென்மையான வேதிப்பொருளைப் பயன்படுத்துவது என்று முடிவு செய்திருக்கிறோம். கூடுதலாகச் சில நாட்கள் ஆகும், பரவாயில்லை.

ஆராய்ச்சி மாணவர்கள் பழைய பிளாக்குகளைக் கேட்டு வருவது கூடியிருக்கிறது. பிளாக்கிலிருந்து 0.6 மில்லிமீட்டர் ஊசியால் சிறு துளி திசு எடுத்து, நூற்றுக்கணக்கான நோயாளிகளின் திசுவை ஒரே பிளாக்கில் அடுக்கும் டிஷ்யூ மைக்ரோஅரே முறையைத்தான் பெரும்பாலோர் கேட்கிறார்கள். ஆன்டிபாடி மிச்சமாகும், எல்லாத் துளிக்கும் ஒரே நாளில் ஒரே சாயம் கிடைக்கும். ஆனாலும் செயற்குழுவில் இதற்குக் காரசாரமான விவாதம் நடந்தது. பிளாக்கில் மிஞ்சியிருப்பது கொஞ்சமே என்றால் ஆராய்ச்சிக்குத் தருவதில்லை என்று முடிவாயிற்று. நாளைக்கு நோய் திரும்பினால் புது மருந்து பொருந்துமா என்று பார்க்க அந்த நோயாளிக்கு அதுதான் இருக்கும். ஒரு பேராசிரியருக்கு இதில் வருத்தம். இருக்கட்டும். நெறிக்குழு அனுமதியும், நோயாளிக்குப் புரியும் தமிழில் எழுதிய ஒப்புதல் படிவமும் இல்லாமல் எந்தப் பிளாக்கும் வெளியே போகாது.

சைலீன், பார்மலின் கழிவை அகற்றும் செலவு ஏறியிருக்கிறது. அதை உறுப்பினர் லேப்கள் எப்படிப் பகிர்வது என்பது இன்றைய கூட்டத்தின் அடுத்த பொருள். தீர்மானத்தைப் பொருளாளர் முன்மொழிவார். சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் அதற்கு முன்பே கட்டிவிட்டால் வாக்களிக்கலாம்.

இப்படிக்கு,
செயலாளர்